உச்சி வெயிலில் வெளுத்த நீலம்

1. போன்

"டாக்டரம்மா, உங்க லேபிளுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு."

அச்சங்குளம் பக்கத்துப் பட்டாசு கம்பெனியிலிருந்து போர்மேன் ராமர் பேசினார். நான் சிவகாசியில், ஆய்வகத்தின் ஏசி காற்றில் உட்கார்ந்து அதே லேபிளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். புறஊதா விளக்குக்குக் கீழே அது நல்ல மயில்கழுத்து நீலத்தில் இருந்தது. கிறுக்குப் பிடித்த மாதிரித் தெரியவில்லை.

"என்ன செய்யுது?"

"வெயில் ஏற ஏறக் கறுக்கணும்னு சொன்னீகள்ல? இது வெயில் ஏற ஏற வெளுக்குது."

"பழைய லேபிளா இருக்கும். புதுசு ஒட்டிப் பாருங்க."

"புதுசுதாம்மா. நேத்து நீங்க அனுப்புன கட்டுல இருந்து எடுத்தது."

சரி, பார்க்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். ராமர் சொன்னது நடக்க முடியாத ஒன்று என்றுதான் அப்போது நினைத்தேன். வெளிச்சம் பட்டால் நிறம் வர வேண்டும் என்பதற்காகவே நான் செய்த மூலக்கூறு அது. வெளிச்சம் கூடினால் நிறம் எப்படிக் குறையும்?

சிவகாசியில் அச்சுமை தயாரிக்கும் ஒரு கம்பெனியில் இருபது வருடங்களுக்கு மேலாக வேதியியலாளராக இருக்கிறேன்; முனைவர் பட்டம் வாங்கியதால் 'டாக்டரம்மா'. இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்காக இதை எழுதுகிறேன். சாதனைக் கதை எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு வாரம் ஒன்றுமே விளங்காமல் இருந்தேன். அந்த நேரத்தில் ஒரு பெரிய தப்பும் செய்தேன்.

2. சுவிட்ச்

ஒளியால் இயங்கும் மூலக்கூறுச் சுவிட்ச் என்றால் பயந்துவிட வேண்டாம். நாங்கள் பயன்படுத்தியது ஸ்பைரோ என்ற வகை. இரண்டு பாதிகள் ஒரே ஒரு கார்பன் அணுவில் இணைந்து, ஒன்றுக்கொன்று குறுக்காக நிற்கும். அந்த நிலையில் அதற்கு நிறமில்லை. வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் பட்டதும் உள்ளே ஒரு பிணைப்பு அறுந்து, இரண்டு பாதிகளும் ஒரே தளத்தில் படுத்துவிடும். படுத்ததும் நீலம். வெளிச்சம் போனால் அறுந்த பிணைப்பு தானாகவே ஒட்டிக்கொள்ளும், நீலம் மறையும். எத்தனை தடவை வேண்டுமானாலும் போய்ப் போய் வரும்.

எந்த இடத்தில் எந்தத் தொகுதியை ஒட்டினால் நிறம் ஆழமாக வரும், எவ்வளவு சீக்கிரம் திரும்பும், எத்தனை நாள் உழைக்கும் என்று மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான் எங்கள் வடிவமைப்பு வேலை. பத்து மாதிரிகள் சரிவரவில்லை. பதினொன்றாவது கைகொடுத்தது. அதற்குப் பேரே 'பதினொன்று' என்று ஆகிவிட்டது.

முதலில் இது காலண்டருக்காகத்தான் ஆரம்பித்தது. எங்கள் முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். அவருக்கு, வெயிலில் காட்டினால் தோகைக்கு நிறம் வரும் மயில் படம் ஒன்று வேண்டும். "அடுத்த சீசனுக்கு எவனும் போடாத காலண்டரா இருக்கணும்" என்பார். மயிலுக்கு மை தயாரான பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை என்னுடையதுதான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பட்டாசுக்கான மருந்து உருண்டைகளை ஈரத்தோடு தட்டுகளில் பரப்பி, திறந்தவெளி மேடையில் காய வைப்பார்கள். காலை வெயில் போதும். வெயில் கடுமையானால் தட்டுகளை நிழலுக்கு எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆபத்து. எப்போது எடுப்பது என்பதை அதுவரை போர்மேன் கடிகாரத்தையும் தன் உள்ளங்கையையும் வைத்துத்தான் முடிவு செய்துகொண்டிருந்தார். தட்டின் விளிம்பில் 'பதினொன்று' பூசிய லேபிளை ஒட்டினால் என்ன? வெளிர் நீலம் வரை காயலாம். கரு நீலம் வந்தால் எடுத்துவிட வேண்டும். யாரும் ஊகிக்க வேண்டியதில்லை.

அண்ணாச்சிக்குப் பிடித்துப்போனது. அச்சங்குளம் பக்கத்தில் அவர் மைத்துனருக்குப் பட்டாசு கம்பெனி இருந்ததால் மாசி மாதம் அங்கேயே சோதித்தோம். பத்து மணிக்கெல்லாம் லேபிள் சொன்னபடி கறுத்தது. ராமர்கூட, "இனி எங் கைக்கு லீவு" என்று சிரித்தார். சித்திரையில் அவரிடமிருந்துதான் அந்த போன் வந்தது.

3. தேடிப் பார்த்தவை

முதல் சந்தேகம் சோர்வு மேல். ஒளிச் சுவிட்சுகள் வெயிலில் ஓடி ஓடி ஒருநாள் ஓய்ந்துவிடும். இந்தத் துறையில் யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். வெளுத்துப்போன லேபிள்களை ஒரு கவரில் போட்டு அனுப்பச் சொன்னேன். வந்தன. விளக்குக்குக் கீழே வைத்தேன். ஒன்று விடாமல் எல்லாம் நீலமாயின. சோர்வு இல்லை.

அப்புறம் மருந்துத் தூசி படிந்து மறைக்கிறதோ என்று நினைத்தேன். துடைக்காமலே வைத்துப் பார்த்தேன். அப்போதும் நீலம். பசை ஒத்துக்கொள்ளவில்லையோ என்று பசையை மாற்றினேன். பூச்சின் தடிமன் போதவில்லையோ என்று இரட்டைப் பூச்சு போட்டு அனுப்பினேன். "இதுவும் வெளுக்குதும்மா" என்றார் ராமர்.

சூடு ஞாபகத்துக்கு வரவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். வந்தது. சூட்டுச் சோதனைதான் ஏற்கெனவே முடித்தாயிற்றே! லேபிளை இரண்டு நாள் ஆய்வக அடுப்பில் வைத்து, வெளியே எடுத்து, ஆறவிட்டு, விளக்கில் காட்டி, நீலம் வந்ததைப் பதிவேட்டில் எழுதி, பக்கத்தில் 'பாஸ்' என்று கையெழுத்தும் போட்டிருந்தேன். அந்தக் கையெழுத்தை நானே நம்பினேன்.

நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். கம்பெனி வேனில் காலை எட்டு மணிக்கே போய்விட்டேன். மேடையில் தட்டுகள் பரப்பியிருந்தன. ஒன்பது மணிக்கு லேபிள்கள் வெளிர் நீலத்துக்கு வந்தன.

"சரியாத்தான இருக்கு?" என்றேன்.

"இப்பச் சரியாத்தாம்மா இருக்கும்" என்று ராமர் தலையைச் சொறிந்தார். "இதுக்கு மேலதான் போக மாட்டேங்குது. பதினோரு மணி வரை இருந்து பாருங்களேன்."

பத்தரைக்கு எனக்குச் சிவகாசியில் ஓர் அச்சகக்காரரைப் பார்க்க வேண்டியிருந்தது. இருக்கவில்லை.

கிளம்பும்போது ராமர் ஒரு விஷயம் சொன்னார். சோலையம்மாள் என்று மேடையில் வேலை செய்கிற ஒரு பெண். இரண்டு நாளுக்கு முன்னால் அவர் யாரையும் கேட்காமலே தட்டுகளை எல்லாம் நிழலுக்கு எடுத்துவிட்டாராம். லேபிள் வெளிர் நீலத்தில்தான் இருந்திருக்கிறது. உருண்டைகள் அரைகுறையாகக் காய்ந்து வீணாகிவிட்டன. கேட்டதற்கு எதிர்த்துப் பேசினார். போதாததற்கு ஒரு லேபிளை உரித்தும் கொண்டுபோய்விட்டார்.

உரித்தார் என்று கேட்டதும் எனக்கு ஏதோ பிடி கிடைத்த மாதிரி இருந்தது. உரித்தார் என்றால் தேய்த்திருப்பார், எதையாவது தடவியிருப்பார். ஆய்வகத்தில் சரியாக வேலை செய்கிற லேபிள் அங்கே வெளுக்க வேறு என்ன காரணம்? சோலையம்மாளை அழைத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் அங்கே இருபதடி தள்ளித்தான் நின்றிருந்தார் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். நான் கேட்கவில்லை.

அன்றே அறிக்கை எழுதினேன். லேபிளில் குறையில்லை, பயன்படுத்தியதில்தான் தவறு, உரித்து எதையோ தடவியிருக்கிறார்கள், லேபிள் காட்டுகிறபடி நடந்தால் போதும். மறுநாள் சோலையம்மாளை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். அந்தச் செய்தி எனக்கு வந்தபோது சங்கடமாக இருந்தது. ஆனால் குழப்பம் தீர்ந்துவிட்டது என்ற நிம்மதி அந்தச் சங்கடத்தைவிடப் பெரிதாக இருந்தது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

4. குடம்

அந்த நிம்மதி மூன்று நாள்தான் இருந்தது. அறிக்கையை மறுபடி வாசித்துப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. எல்லா லேபிளையும் சோதித்துவிட்டேன். அந்தப் பெண் உரித்துக்கொண்டுபோன ஒன்றைத் தவிர. எதையோ தடவினார் என்று எழுதிய நான், தடவிய லேபிளைப் பார்க்கவே இல்லை. அதை வாங்கி வந்துவிடலாம் என்று ஸ்கூட்டியை எடுத்தேன். அவர் வீட்டைக் கண்டுபிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு ஆகிவிட்டது.

சோலையம்மாளுக்கு என் வயதிருக்கும். வாசலில் தண்ணீர் லாரிக்காகக் குடங்களை வரிசையில் வைத்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் முகம் மாறியது. இருந்தாலும், "உள்ள வாங்க, வெயிலா இருக்கு" என்றார்.

"நீங்க ஒரு லேபிள் எடுத்தீங்களாம். அது இருந்தாக் கொடுங்க. பார்த்துட்டுத் தந்துடுறேன்."

"நான் ஒண்ணும் களவாங்கல. போர்மேன்ட்டக் காட்டத்தான் உரிச்சேன். அவுக பாக்கல. வீட்டுக்குக் கொண்டாந்து குடத்துல ஒட்டிட்டேன். அந்தா இருக்கு."

வரிசையில் கடைசியாக இருந்த பச்சைப் பிளாஸ்டிக் குடத்தைக் காட்டினார். குனிந்து பார்த்தேன். விரல் நீள லேபிள் செங்குத்தாக ஒட்டப்பட்டிருந்தது. அதன் கீழ்ப்பாதி கரு நீலம். மேல்பாதி ஏறக்குறைய வெள்ளை. கோடு போட்டுப் பிரித்த மாதிரி இருந்தது.

நிழல் விழுகிறதோ என்று குடத்தைத் திருப்பினேன். நிழல் இல்லை, நேர் வெயில். மேல்பாதியில் ஏதாவது பட்டிருக்குமோ?

"இதுல என்ன தடவுனீங்க?"

"ஒண்ணுமே தடவல. தண்ணி இருக்க இடம் மட்டும் நீலமாகுது. காலையில தண்ணி இன்னும் மேல இருந்துச்சு, முக்கால் லேபிளும் நீலமா இருந்துச்சு. மொண்டு மொண்டு இப்ப பாதி லேபிளுக்கு இறங்கிருச்சு."

குடத்துக்குள் எட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். நீலம் முடிகிற இடத்தில்தான் தண்ணீர் மட்டம் இருந்தது. ஈரம் காரணமா? லேபிள் வெளிப்பக்கம் இருக்கிறது, ஈரமே படவில்லை. பிளாஸ்டிக் வழியாக வெளிச்சம் ஏதாவது திரும்புகிறதா? தண்ணீருக்கும் என் மூலக்கூறுக்கும் என்ன சம்பந்தம்? வெயிலில் குந்தியபடி என்னென்னவோ யோசித்தேன்.

சோலையம்மாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தொட்டுப் பாருங்களேன்" என்றார்.

தொட்டேன். தண்ணீர் இருந்த இடம் குளுமை. மேலே விரலை வைக்க முடியவில்லை.

"வெக்கை கூடுனா இது வெளுத்துரும்மா. இதத்தான் அன்னிக்கு அங்கன சொன்னேன். தட்டு விளிம்பு சுடுது, காலு பொசுங்குது, லேபிள் என்னடான்னா இன்னும் காயலாம்ங்குது. எதை நம்ப? எடுத்து உள்ள வச்சிட்டேன்."

சொல்லிக்கொண்டே குடத்துத் தண்ணீரை வேறொரு குடத்தில் ஊற்றிவிட்டுக் காலிக் குடத்தை மறுபடி வெயிலில் வைத்தார். நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். சில நிமிடங்களில் கீழ்ப்பாதி நீலமும் கரைந்து போனது.

வெயில் பிணைப்பை அறுக்கிறது. சூடு அதைத் திரும்ப ஒட்டுகிறது. சூடு ஏற ஏற ஒட்டுகிற வேகம் கூடும். மாசியில் அறுப்பது ஜெயித்தது. சித்திரை உச்சியில் ஒட்டுவது ஜெயிக்கிறது. நான் அனுப்பச் சொன்ன லேபிள்களோ கவரில் ஆறிப்போய் ஏசிக்கு வந்தன. நீலமாகாமல் என்ன செய்யும்?

என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் முழுக்க இந்தத் திரும்பும் வினையைப் பற்றியதுதான். சூட்டோடு அதன் வேகம் எப்படி மாறும் என்று நானே அளந்து வரைபடம் போட்டிருக்கிறேன். அப்படியிருந்தும் இரண்டு வாரம் ஏன் என் மண்டையில் ஏறவில்லை என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை. மணி பன்னிரண்டேகால். லேபிள் காட்டுகிறபடி நடந்தால் போதும் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். லேபிள் இப்போது அங்கே வெளிறித்தான் இருக்கும்.

"இன்னிக்கு மேடையில தட்டு இருக்குமா?"

"இருக்குமே. ஆர்டர் இருக்குல்ல." சொன்ன பிறகுதான் அவருக்கும் உறைத்தது. வரிசையில் வைக்க எடுத்த குடத்தைக் கீழே வைத்தார்.

5. மேடை

கம்பெனிக்குள் செல்போன் கூடாது. கேட் பக்கத்து ஆபீஸ் நம்பருக்கு அடித்தேன். சாப்பாட்டு நேரம், யாரும் எடுக்கவில்லை. சோலையம்மாளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டியில் போனேன். மூன்று கிலோமீட்டர்தான். அவ்வளவு நீளமான ரோட்டில் நான் போனதில்லை.

கேட்டில் சோலையம்மாளை விட மாட்டேன் என்றார் வாட்ச்மேன். "நீங்க போங்கம்மா, நான் இங்கனயே நிக்கேன்" என்றார் சோலையம்மாள். செல்போனையும் வண்டிச் சாவியையும் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனேன். மேடை தூரத்திலேயே தெரிந்தது. தட்டுகள் வரிசையாக வெயிலில் கிடந்தன. ராமர் வேப்ப மர நிழலில் சாப்பாட்டுத் தூக்கோடு உட்கார்ந்திருந்தார்.

"தட்டை எடுங்க. எல்லாத்தையும் இப்பவே எடுங்க."

"லேபிள் வெள்ளையாத்தான இருக்கு? நீங்கதான எளுதிக் கொடுத்தீக, அது சொல்றபடி செய்யின்னு?"

"நான் எழுதினது தப்பு. நீங்க போய் ஒரு தட்டைத் தொட்டுப் பாருங்க."

என் முகத்தைப் பார்த்தார். தூக்கை மூடிவிட்டுப் போனார். முதல் தட்டின் விளிம்பில் கை வைத்தவர் சட்டென்று இழுத்துக்கொண்டார். நான் ஓடப் போனேன். "ஓடாதீக!" என்று அதட்டினார். "நீங்க அங்கனயே நில்லுங்க. இங்க யாரும் ஓடக் கூடாது."

பிறகு ஒவ்வொரு தட்டாக எடுத்தார்கள். இழுக்கக் கூடாது, உரசக் கூடாது, தட்டோடு தட்டு இடிக்கக் கூடாது. இரண்டு பெண்கள் இரு பக்கமும் பிடித்துத் தூக்கி, அடிமேல் அடி வைத்து நிழலுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். ராமர் சத்தம் போடாமல் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. வெறுங்காலில் சுடுமணலில் நின்று, ஒருவர் பின் ஒருவராக நடக்கிற அந்தப் பெண்களின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னுடைய ஒரு தாளை நம்பி இவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்று அப்போதுதான் உடம்பில் உறைத்தது.

கடைசித் தட்டும் போனது. ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் அரை மணி நேரம் விட்டிருந்தால் நடந்திருக்குமா என்று ராமரைக் கேட்டேன். "நடக்கவும் நடக்கும், நடக்காமலும் இருக்கும். நடந்தா, நடந்துச்சுன்னு வந்து சொல்ல ஆளு இருக்க மாட்டோம்" என்றார்.

6. இரண்டாவது அறிக்கை

அண்ணாச்சியிடம் சாயங்காலம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்று நினைத்துத்தான் போனேன். அவர் கேட்டது இதுதான்.

"அப்ப அந்த லேபிள் பொய் சொல்லிச்சா?"

"பொய் சொல்லல அண்ணாச்சி. வெயிலையும் சூட்டையும் ஒண்ணாக் கூட்டிக் கழிச்சுச் சொல்லிச்சு. வெயிலை மட்டும் சொல்லுதுன்னு நான் நினைச்சுட்டேன்."

"என்னவோ. எனக்கு விளங்கல. ஆனா அந்த லேபிள் ஒண்ணுகூட அந்த மேடையில இருக்கக் கூடாது. மயிலோட நிறுத்திக்குவோம்."

அன்றைக்கே எல்லா லேபிளையும் உரித்து எடுத்தார்கள். மேடையில் சாதாரண வெப்பமானி ஒன்றை மாட்டினார்கள். ராமர் பழையபடி உள்ளங்கையை வைக்க ஆரம்பித்தார். சூட்டால் திரும்பாத வேறு வகைச் சுவிட்ச் ஒன்றை வைத்து நான் ஒரு வருடம் முயன்று பார்த்தேன். அது சூட்டுக்கு அசையவில்லை. ஆனால் புறஊதாவில் வந்த நிறத்தை, வெயிலின் மற்ற வெளிச்சமே அழிக்கப் பார்த்தது. மேகம் போட்டால் ஒரு பதில், போடாவிட்டால் ஒரு பதில். அதையும் கைவிட்டேன். உயிர் சம்பந்தப்பட்ட ஒரு முடிவை ஒற்றை நிறத்தில் ஏற்றி வைக்கலாமா என்ற கேள்விக்கு என்னிடம் இன்னும் தெளிவான பதில் இல்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். சுவிட்சைச் சோதிக்கும்போது வெளிச்சத்தைத் தனியாகவும் சூட்டைத் தனியாகவும் சோதித்துவிட்டு 'பாஸ்' போடாதீர்கள்; அது வேலை செய்யப் போகிற இடத்தில், வேலை செய்யப் போகிற நேரத்தில், இரண்டும் சேர்ந்திருக்கும்போது பாருங்கள். அதைக் கையாளுகிறவர் ஒன்று சொன்னால், உங்கள் படிப்புக்கு அது முரணாக இருந்தாலும், முழுவதையும் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பத்தரை மணி வேலை காத்திருக்கும்.

முதல் அறிக்கையைத் திரும்பப் பெற்று இரண்டாவது ஒன்றை எழுதினேன். சோலையம்மாளை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார்கள். அவர் உடனே வரவில்லை. புதுத் தாளைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்றாராம். ராமர் என்னிடம் அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். நானே எடுத்துக்கொண்டு போனேன்.

வாசலில் நின்றபடியே வாங்கி, விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். இரண்டு பக்கமும் முடிய வெகு நேரமானது. முடித்துவிட்டு மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார்.

"இதுல எம் பேரக் காணமே?"

"இருக்கே. இந்தா, 'களப் பணியாளர் ஒருவர் சுட்டிக்காட்டியபடி'ன்னு..."

"போன தாள ஆபீசுல வச்சு எனக்கு வாசிச்சுக் காட்டுனாக. அதுல சோலையம்மாள்னு இருந்துச்சு. தப்புன்னா எம் பேரு, சரின்னா ஒருவரா?"

நான் வேண்டுமென்றே செய்ததல்ல. அறிக்கை என்றால் அப்படித்தான் எழுதுவோம் என்று கை பாட்டுக்கு எழுதியிருந்தது. முதல் அறிக்கையில் மட்டும் அந்தக் கைக்கு எப்படிப் பேர் ஞாபகம் வந்தது என்று யோசித்தால், அதுவும் விளங்கவில்லை. பேனாவை எடுத்து, 'களப் பணியாளர் ஒருவர்' என்பதை அடித்துவிட்டு, மேலே சோலையம்மாள் என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டேன். ஆபீசில் உள்ள பிரதியிலும் அப்படியே திருத்திவிடுகிறேன் என்றேன்.

அவர் எட்டிப் பார்த்தார்.

"மு-ன்னு இனிசியலும் போடுங்க. எங்கூர்ல நாலு சோலையம்மா இருக்கோம்."

போட்டேன்.